சைவ நாய்க்கு ஒரு தட்டு ஐஸ்

அந்த நாய் சைவம். அப்படிச் சொல்லித்தான் என்னிடம் ஒப்படைத்தார்கள்.

எண்பதுகளின் ஆரம்பம். ஹைதராபாத்தில் ஹப்சிகுடாவைத் தாண்டி, கம்பெனி குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் தொழிற்சாலையில் டர்னர், லேத்தில் இரும்பு கடைகிற வேலை. அவருக்கு மேலே ஒரு ஃபோர்மேன். அந்த ஃபோர்மேன் வீட்டில் ஒரு வெள்ளைப் பொமரேனியன். உயரம் ஒரு முழம்தான் இருக்கும். முடியை மட்டும் வெட்டினால் இரண்டு தலையணைக்குப் போதும். ஹைதராபாத் மே மாதத்தில் அப்படி ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு பிறந்ததற்கு அது முற்பிறப்பில் என்ன செய்ததோ என்று என் வீட்டுக்காரர் சொல்வார். நாங்கள் கிறிஸ்தவர்கள், முற்பிறப்பு கிடையாது என்று நான் திருத்துவேன்.

அந்த வருஷம் அவர்கள் எல்.டி.சி.யில் காஷ்மீர் போகத் தீர்மானித்தார்கள். சர்க்கார் கம்பெனிக்காரர்களுக்குச் சில வருஷத்துக்கு ஒரு தடவை ரயில் டிக்கெட்டுக்குக் காசு கொடுத்து, குடும்பத்தோடு இந்தியாவைப் பார்த்துவிட்டு வா என்று அனுப்புகிற சலுகை அது. நாய்க்கு அந்தச் சலுகை இல்லை. ஆகவே இருபத்தைந்து நாளைக்கு அதை யாராவது வைத்துக்கொள்ள வேண்டும். ஃபோர்மேன் வீட்டு அக்காவும் நானும் திருநெல்வேலிப் பக்கம். அவர்கள் சுத்த சைவம், நாங்கள் வேதக்காரர்கள் என்றாலும், ஹைதராபாத்துக்கு வந்தபிறகு ஊர் ஒன்று என்பதே ஒரு உறவுமுறை ஆகிவிடுகிறது. அதோடு எங்கள் வரிசையில் எங்களிடம் மட்டும்தான் ஃபிரிட்ஜ் இருந்தது. வெளிநாடு கிளம்பிய ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பம் கழித்துவிட்டுப் போனது. ஓடினால் சமையலறை ஜன்னல் நடுங்கும். ஆனால் ஐஸ் கட்டும்.

"சரின்னு சொல்லிட்டேன்" என்றார் என் வீட்டுக்காரர், சட்டையைக் கழற்றிக்கொண்டே.

"என்னைய ஒரு வார்த்த கேக்காமலா?"

"சி.ஆர். எழுதுதவன் கேட்டா, யாரைக் கேட்டுட்டுச் சொல்ல?"

சி.ஆர். என்பது ரகசிய அறிக்கை. ஜூன் மாதம் ஃபோர்மேன் தனக்குக் கீழே இருக்கிற ஒவ்வொருவரைப் பற்றியும் எழுதி மேலே அனுப்புவார். அதில் நாலு வரி நன்றாக விழுந்தால் என் வீட்டுக்காரர் அடுத்த கிரேடுக்குப் போகலாம். மூன்று வருஷமாக அந்த நாலு வரி விழவில்லை. இந்த வருஷமும் தவறினால் இன்னும் எத்தனை வருஷமோ. ஆக, ஒரு முழ உயர நாயின் உயிரில் எங்கள் கிரேடு தொங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தது.

கவலைப்படுவதற்கு எனக்கு யாரும் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சைக்கு முந்தின நாள், எழுதும்போது பாதியில் மசி தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்து நினைத்துக் காய்ச்சல் வந்து படுத்தவள் நான். பரீட்சை முடிந்துதான் காய்ச்சல் விட்டது. அத்தோடு பள்ளிக்கூடமும் விட்டது.

அக்கா நாயோடு நாலு பக்கம் கோடு போட்ட தாளும் கொடுத்தார்கள். காலையில் பால்சோறு. மத்தியானம் உப்பில்லாத தயிர்சோறு. இரவு பருப்புச்சோறு. வெள்ளிக்கிழமை குளியல். மற்றதெல்லாம் சும்மா எழுதியது. அசைவம் கூடவே கூடாது என்ற கடைசி வரிக்கு மட்டும் சிவப்பு மையில் இரண்டு கோடு.

"ஏட்டி, இது பொறந்ததுலருந்து ஒரு முட்டையக்கூடக் கண்டதில்ல பாத்துக்க" என்றார்கள் அக்கா. "உங்க வீட்டுல கறிக்கொழம்பு வாசம் அடிச்சாலே அதுக்கு ஒத்துக்கிடாது."

அக்கா வாசம் என்று சொன்னதை நான் சட்டமாக எடுத்துக்கொண்டேன். இருபத்தைந்து நாளும் எங்கள் வீட்டில் கறி, மீன், கருவாடு, முட்டை எதுவும் கிடையாது என்று அன்றைக்கே அறிவித்துவிட்டேன். என் வீட்டுக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் காலையில் கோயில், மத்தியானம் ஆட்டுக்கறி. இதில் ஒன்றை விட்டால் மற்றதற்கும் வர முடியாது என்று சொல்லிப் பார்த்தார். நான் அசையவில்லை. அவர் அடுத்த வீட்டுத் திண்ணையடியில் போய் நின்றார்.

அடுத்த வீட்டுக்காரி லாலாகுடா ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த தமிழச்சி. மூன்று தலைமுறையாக இங்கேயே இருந்ததில் அவள் தமிழுக்குள் தெலுங்கும் உருதும் வந்து உட்கார்ந்துவிட்டன. எதற்கும் பயப்படாதவள். என் வீட்டுக்காரருக்கு ஞாயிறு மத்தியானம் ஒரு தட்டு போட்டுக் கொடுத்து, "சாப்ட்டு கை கழுவிட்டுப் போங்கண்ணா, நாய்க்கு மூக்கு இருக்கு" என்று அனுப்பிவைத்தவள். இது எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

முதல் மூன்று நாள் நாய் சாப்பிட்டது. நாலாம் நாள் பால்சோற்றை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஐந்தாம் நாள் தயிர்சோற்றின் பக்கமே வரவில்லை. குளியலறையில் குழாய்க்குக் கீழே, ஈரத் தரையில் வயிற்றை ஒட்டிக்கொண்டு படுத்து, நாக்கைச் செருப்பு நீளத்துக்குத் தொங்கப்போட்டது. நான் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து அதன் மூச்சை எண்ணினேன். எண்பது வரை எண்ணுவேன், பயத்தில் விட்டுப்போகும், மறுபடி ஒன்றிலிருந்து.

அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "நாய் சாகாதுக்கா. நீங்கதான் முந்துவீங்க போல இருக்கு" என்றாள்.

அன்றைக்கே ஆட்டோ பிடித்து மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். நாய் வாந்தி எடுத்தால் யார் கழுவுவது என்று ஆட்டோக்காரர் கேட்டார். நானே எடுத்தாலும் எடுப்பேன், எதற்கும் மெதுவாக ஓட்டுங்கள் என்று அரைகுறை ஹிந்தியில் சொன்னேன். டாக்டர் வயசானவர், வெற்றிலை போட்ட வாய். அங்கே எனக்கு முன்னால் ஒரு எருமை, எனக்குப் பின்னால் இரண்டு ஆடு. நாயின் கண்ணை விரித்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், பிறகு என்னைப் பார்த்தார்.

"கைக்கு ரோதே அம்மா? கர்மி ஹை, ஔர் குச் நை" என்றார். ஏன் அழுகிறாய், சூடுதான், வேறொன்றுமில்லை என்கிறார். நான் அழுகிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

மருந்து எழுதவில்லை. சோற்றைத் திணிக்காதே, குளிர்ச்சியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு என்றார். தயிர், காரட், விதை எடுத்த தர்ப்பூசணி, வேகவைத்த பூசணி, எதையாவது மசித்து ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து ஒவ்வொன்றாக நக்கவிடு. சர்க்கரை வேண்டாம், உப்பு வேண்டாம், வெங்காயத்தைக் கண்ணிலேயே காட்டாதே. இதையெல்லாம் விரலை மடக்கி மடக்கிச் சொன்னவர், கடைசி விரலை மடக்கும்போது யக்னி என்றார். ஆட்டெலும்பை வேகவைத்து இறுத்த தண்ணீரைத்தான் இந்த ஊரில் அப்படிச் சொல்வார்கள். கொழுப்பை எடுத்துவிட்டு, வாரம் இரண்டு தடவை அதையும் ஐஸாக்கிக் கொடு, குதித்து எழுந்திருக்கும் என்றார்.

நான் அந்தக் கடைசி விரலை மட்டும் பார்க்காத மாதிரி நாயைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் ஃபிரிட்ஜுக்கு இரண்டு அலுமினியத் தட்டு. மேலே ஒரு கைப்பிடி இருக்கும். அதைத் தூக்கினால் கட்டிகள் பிரிய வேண்டும். பிரியாது. வெந்நீர்த் துணியை அடியில் பிடித்து, கரண்டிக்காம்பால் நெம்பி, ஒரு கட்டி எடுப்பதற்குள் இன்னொன்று அடுப்படி மூலைக்குப் பறந்துவிடும். முதலில் தயிரில் காரட்டைத் துருவிப் போட்டு, ஒரு வாழைப்பழத்தைப் பிசைந்து கலந்து ஊற்றினேன். பார்க்கச் சுண்ணாம்பில் செங்கல் பொடி விழுந்த மாதிரி இருந்தது. உறைய ஆறு மணி நேரம். நடுவில் கரண்ட் போனால் எட்டு. அந்த ஆறு மணி நேரமும் ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து பார்த்ததால்தான் உறையவில்லை என்று என் வீட்டுக்காரர் சொன்னார்.

முதல் கட்டியைத் தரையில் வைத்தேன். நாய் ஒரு நக்கு நக்கியது. கட்டி வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. நாய்க்கு அது பிடித்துப்போய்விட்டது, விளையாட. கட்டியை முன்னங்காலால் தட்டித் தட்டி வீடு முழுக்க ஓட்டி, கட்டிலுக்கு அடியில் கரையவிட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. தர்ப்பூசணிக் கட்டியை வாயில் வாங்கி, யோசித்து, என் காலில் துப்பியது. பூசணிக் கட்டியை எடுத்துக்கொண்டுபோய் என் வீட்டுக்காரரின் டியூட்டி பூட்ஸுக்குள் பத்திரப்படுத்தியது. அவர் மறுநாள் காலை ஷிஃப்டுக்கு அவசரமாகக் காலை விட்டபோதுதான் தெரியும். அன்றைக்கு அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. எழுதினாலும் பைபிளின் சங்கீதப் புத்தகத்தில் அந்த வார்த்தைகள் கிடையா.

ஒரே ஒரு வழி இருந்தது. நான் நக்கினால் அது நக்கும். தற்செயலாகக் கண்டுபிடித்தேன். கையில் ஒழுகிய தயிர் ஐஸை நான் நக்கப்போக, நாய் எழுந்து உட்கார்ந்து பார்த்தது. அடுத்த கட்டியை அதற்கு நீட்டினேன், நக்கியது. நிறுத்தினேன், நிறுத்தியது. ஆகவே தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு நானும் நாயும் சமையலறைத் தரையில் எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு காரட் ஐஸ் நக்குவோம். ஒரு நாள் என் வீட்டுக்காரர் சீக்கிரம் வந்துவிட்டார். வாசலில் நின்று எங்கள் இரண்டு பேரையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சி.ஆர். எனக்குத்தான எழுதுவாங்க, ஒனக்கில்லியே" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனார்.

ஆனாலும் என் நக்கலில் அது தேறவில்லை. சீப்பு போட்டால் முடி கொத்தாக வந்தது. இடுப்பைத் தொட்டால் எலும்பு விரலில் இடித்தது. பத்து நாள் ஆகியிருந்தது, இன்னும் பதினைந்து நாள். வெள்ளைத் துணியில் சுற்றிய நாயை ஃபோர்மேன் கையில் கொடுப்பதாகவும், அவர் அதை வாங்கிக்கொண்டே மறுகையால் சி.ஆர். எழுதுவதாகவும் பட்டப்பகலில் கண் திறந்திருக்கும்போதே எனக்குத் தெரிய ஆரம்பித்தது. அடுத்த வீட்டுக்காரியிடம் அழுதேன். அழும்போது வாய் தவறி யக்னி விஷயத்தையும் சொல்லிவிட்டேன்.

அவள் எழுந்து போனாள். மறுநாள் செகந்திராபாத் மார்க்கெட்டிலிருந்து எலும்பு வாங்கிவந்து, அவள் வீட்டு அடுப்பில், உப்பு மஞ்சள் எதுவும் போடாமல் மூன்று மணி நேரம் வேகவைத்து இறுத்து, ஆறவைத்து, மேலே கட்டிய கொழுப்பைக் கரண்டியால் வழித்து எறிந்துவிட்டு, ஒரு செம்பில் கொண்டுவந்தாள். செம்பில் எலும்புத் துண்டு ஒன்றுகூட இல்லை. வெந்த எலும்பு நொறுங்கிக் குடலைக் கிழிக்கும் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது.

"நக்கோ, நக்கோ" என்று நான் செம்பைத் தள்ளினேன். பயத்தில் வேண்டாம் என்பதற்கு எனக்கும் அவள் பாஷை வந்துவிட்டது. "சைவ நாய் தாயீ இது."

"இது கறியாக்கா? தண்ணி. அதையும் ஐஸாக்கப் போறோம். ஐஸுல சைவம் என்ன, அசைவம் என்ன?"

படித்தவளாக இருந்தால் ஒரு பதில் சொல்லியிருப்பேன். தட்டை எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் மூன்று மணிக்கு அந்தக் கட்டியை நான் நக்கிக் காட்ட வேண்டிய அவசியமே வரவில்லை. ஃபிரிட்ஜ் கதவு திறந்த உடனே குளியலறையில் நகச் சத்தம் கேட்டது. ஒரு கட்டியைக் கீழே வைத்துக் கை எடுப்பதற்குள் காணோம். இரண்டாவது. மூன்றாவதை வாயிலேயே பிடித்தது. பிறகு என் விரலை நக்கியது, தரையை நக்கியது, தட்டு பட்ட ஃபிரிட்ஜ் கதவை நக்கியது. முடித்துவிட்டு, ஒரு வாரமாகத் தொடாத தயிர்சோற்றின் பக்கம் தானாகவே போய் அதையும் சாப்பிட்டது. அடுத்த வீட்டுக்காரி இடுப்பில் கைவைத்து நின்று, "ஹவ்" என்றாள். ஆமாம் என்று அர்த்தம்.

பிறகு அந்தத் தட்டு எந்நேரமும் எங்கள் ஃபிரிட்ஜில் இருந்தது. தயிர்த் தட்டோடு மாறிவிடக்கூடாதென்று எலும்புத் தட்டின் கைப்பிடியில் கறுப்பு நூல் கட்டிவைத்தேன். ஒரு நாள் என் வீட்டுக்காரர் வெயிலில் வந்து அவராகவே எலுமிச்சைச் சர்பத்து கலந்து, கையில் கிடைத்த தட்டிலிருந்து இரண்டு கட்டி போட்டுக் குடித்துவிட்டு, இன்றைக்குச் சர்பத்தில் என்ன போட்டாய், தெம்பாக இருக்கிறதே என்று கேட்டார். தட்டைப் பார்த்தேன். கறுப்பு நூல். சீரகம் என்றேன்.

இருபத்தைந்தாம் நாள் நாயைப் பார்த்த அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முடி வெள்ளிக் கம்பி மாதிரி மின்னியது. கண்ணு பட்டுரும்ட்டி என்று சொல்லி அதற்கு அங்கேயே திருஷ்டி கழித்தார்கள். எனக்குக் காஷ்மீர் வாதுமைக்கொட்டை தந்தார்கள். இந்த வெயிலில் என்ன கொடுத்தாய் என்று கேட்டபோது தயிர், காரட், வாழைப்பழம் என்றேன். அது பொய் இல்லை. மீதியைச் சொல்லவில்லை, அவ்வளவுதான் என்று எனக்கு நானே மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் ஆள் அனுப்பிவிட்டார்கள். நாய் அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜ் முன்னால் மூன்று மணிக்குப் போய் உட்காருகிறது, தயிர் ஐஸ் செய்து கொடுத்தால் முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி ஃபிரிட்ஜையே பார்க்கிறது, உன் கைப்பக்குவம் வேண்டும், வா என்று. நான் ஒரு தட்டுத் தயிர் ஐஸோடு போனேன். நாய் என்னைக் கண்டதும் புடவையைப் பிடித்துக்கொண்டு குதித்தது. தட்டை நீட்டினேன். முகர்ந்தது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தது. எத்தனையோ பேர் என்னை ஏமாற்றுக்காரி என்று நினைத்திருக்கலாம். இவ்வளவு தெளிவாக யாரும் பார்த்ததில்லை.

"வேற என்னமோ குடுத்திருக்கட்டி நீ" என்றார்கள் அக்கா.

ஃபோர்மேன் வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான், நாயைச் சேர்த்து. பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். என் வாய் எப்போதும் கவலையின் பக்கம்தான். டாக்டர், எலும்பு, செம்பு, கறுப்பு நூல் எல்லாம் வரிசையாக வந்து விழுந்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கு இதில் ஒன்றும் தெரியாது, சி.ஆரில் கைவைத்துவிடாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அக்கா எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார்கள். தாழ்ப்பாள் போட்டார்கள். ஜன்னலையும் சாத்தினார்கள். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலை இறக்கிக் கேட்டார்கள்:

"நல்லியா, நெஞ்செலும்பா?"

நல்லி என்றேன்.

"அதான் பாத்தேன். நெஞ்செலும்புக்கு இந்த மினுமினுப்பு வராது."

பிறகு சொன்னார்கள். பதினைந்து வயதில் அக்காவுக்கு ரத்தம் இல்லாமல் எழுந்தால் தலைசுற்றி விழுகிற நோய் இருந்ததாம். எலும்புச் சாறு கொடுத்தால்தான் பிழைப்பாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர்கள் அப்பா, பாளையங்கோட்டையில் ஒரு வேதக்கார வீட்டில் சொல்லிவைத்து, ஆறு மாதம், பால் வாங்குகிற தூக்குவாளியில் மூடிபோட்டு வாங்கிவந்தாராம். வீட்டில் கஷாயம் என்று சொல்லியிருந்தது.

"எங்க அம்மைக்கு இன்னைய வரைக்கும் தெரியாது. இவுகளுக்குத் தெரிஞ்சுதோ, என்னைய ஊருக்கு ரயிலேத்தி விட்டுருவாக. சுத்த பத்தமான மனுசன்." நாயைத் தடவிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார்கள். "செவ்வாயும் வெள்ளியும் ஒரு தட்டு போட்டு வையி. நான் பின்பக்கமா வந்து வாங்கிக்கிடுதேன். ஒரு உசிரு தெரியப்பிடாது, ஒன் மாப்பிள்ளைக்குங்கூட."

நானும் என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. அவர் முகம் கண்ணாடி மாதிரி, எல்லாம் வெளியே தெரியும். ஆனால் மறுநாள் மாலை அவர் வந்ததும் வாசல் கதவைச் சாத்தினார். நான் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன். யார் கதவைச் சாத்தினாலும் இனி எனக்கு அப்படித்தான்.

ஃபோர்மேன் அவரை லேத்துக்குப் பின்னால் அழைத்துப்போய்ப் பேசினாராம். நாயைக் காட்டப் போனபோது மாட்டாஸ்பத்திரி டாக்டரே யக்னி பற்றிச் சொன்னார், நாய்க்கு நீங்கள் எலும்புச்சாறு கொடுத்திருக்கிறீர்கள், எனக்குத் தெரியும் என்றாராம். என் வீட்டுக்காரருக்கோ அந்த விஷயமே அப்போதுதான் தெரிகிறது. சர்பத்தின் தெம்பு எங்கிருந்து வந்தது என்பதும் அங்கேயே, லேத்துக்குப் பக்கத்திலேயே அவருக்கு விளங்கிவிட்டது. ஃபோர்மேன் கோபப்படவில்லை. அவர் வாரம் தவறாமல் சனிக்கிழமை அரை நாள் ஷிஃப்ட் முடிந்து செகந்திராபாத்தில் ஒரு மிலிட்டரி ஓட்டலுக்குக் கறி சாப்பிடப் போகிறவராம், பல வருஷமாக. வரும்போது நாய்க்கும் ஒரு எலும்பைக் காகிதத்தில் மடித்துவந்து காம்பவுண்டுக்கு வெளியே போடுவாராம்.

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த நாய் வெயிலுக்குச் சோறு விடவில்லை. சனிக்கிழமை வந்தும் எலும்பு வரவில்லை என்றுதான் விட்டிருக்கிறது. ஒரு திருட்டுச் சைவத்துக்கு முன்னால் உட்கார்ந்து நான் காரட் நக்கியிருக்கிறேன்.

"டாக்டரு ஓட்டல் எலும்பு வேண்டாம்னுட்டாராம், மசாலா ஆகாதாம்" என்றார் என் வீட்டுக்காரர். "அதனால சனிக்கிழமை சனிக்கிழமை நாயோட இங்க வாராராம். ஒரு தட்டு எடுத்து வைக்கணுமாம். வீட்டுல அந்தம்மாவுக்குத் தெரியப்பிடாதாம். அவங்க சுத்த சைவமாம்."

ஆக, செவ்வாய் வெள்ளி மூன்று மணிக்கு அக்கா தூக்குவாளியோடு பின்பக்கம். சனிக்கிழமை அவர் ஸ்கூட்டரில், கால்களுக்கு நடுவில் நாயை நிற்கவைத்துக்கொண்டு முன்பக்கம். நடுவில் நான். டாக்டர் வாரம் இரண்டு தடவை என்றது எனக்கு மறக்கவில்லை, இது மூன்று. நாய் உருண்டது. அடுத்த வீட்டுக்காரி, இது நாயா முக்காலியா அக்கா என்று கேட்டாள். அதன் இருதயம் நின்றுவிடுமோ என்று பயந்து தட்டில் பாதிக்குப் பாதி வெறும் தண்ணீர் கலந்து உறையவைத்தேன். இரண்டு பேரில் ஒருவரிடம் சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆனால் யாரிடம் சொன்னாலும் மற்றவரின் சைவம் என் கையால் உடையும். அவர்கள் வீட்டில் சண்டை வந்தால் அது நேரே சி.ஆரில்தான் வந்து விழும். ஜூன் மாதம் பாதி ஓடிவிட்டது, ஃபோர்மேன் இன்னும் எழுதி முடிக்கவில்லை என்று கேள்வி.

ஒரு வெள்ளிக்கிழமை நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. அக்கா வந்தபோது தட்டில் சாறு சாறாகவே கிடந்தது. நாளைக்கு வருகிறேன் என்று போனார்கள். நாளைக்கு என்றால் சனிக்கிழமை என்பது எனக்கு உறைக்கவில்லை. அவ்வளவு கவலைப்படுகிறவள், கவலைப்பட வேண்டிய ஒரே இடத்தில் கோட்டைவிட்டேன்.

சனிக்கிழமை அக்கா சமையலறையில் நின்றுகொண்டிருக்கும்போதே வாசலில் ஸ்கூட்டர் சத்தம். அக்காவுக்கு அந்தச் சத்தம் தெரியாதா? முகம் வெளுத்துக் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். நான் முன்னறைக்கு ஓடினேன். இன்றைக்கு ஐஸ் இல்லை சார், கரண்ட் இல்லை என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். ஃபோர்மேன் என்னைப் பார்த்துச் சிரித்தார். நாய் என்னைப் பார்க்கவேயில்லை. என் காலுக்கு நடுவில் புகுந்து நேரே சமையலறைக்குப் போய், கதவுக்குப் பின்னால் தலையை விட்டு, வாலை ஆட்டியது. நாயின் முன்பாதி மறைந்திருந்தது. பின்பாதி ஆடிய ஆட்டம் முன்னறைக்குத் தெரிந்தது.

அவர் கூப்பிட்டுப் பார்த்தார். அது வரவில்லை. உள்ளே போய்க் கதவை விலக்கினார். தூக்குவாளியோடு அக்கா.

"நீ எங்க இங்க?"

"தயிர் ஐஸ் வாங்க வந்தேன். நீங்க?"

"நானும் தயிர் ஐஸுதான்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஃபிரிட்ஜைத் திறந்து, நூல் இல்லாத தட்டை எடுத்து, ஒரு தயிர்க் கட்டியை நெம்பி நாய்க்கு முன்னால் வைத்தேன். ஆண்டவரே, இந்த ஒரு தடவை மட்டும் இதைத் தின்னச் செய்யும் என்று மனசுக்குள் வேண்டினேன். நாய் குனிந்து முகர்ந்தது. மூக்கால் அதை ஃபோர்மேனின் செருப்பு வரைக்கும் தள்ளிவிட்டது. பிறகு வந்து, பின்னங்காலில் எழுந்து நின்று, இரண்டு முன்னங்காலையும் ஃபிரிட்ஜ் கதவில் வைத்துக்கொண்டு திரும்பி, முதலில் அவரைப் பார்த்தது, அடுத்து அக்காவைப் பார்த்தது.

அக்காதான் முதலில் சிரித்தார்கள். முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தும் முடியவில்லை.

"சனிக்கிழமை சனிக்கிழமை உங்க சட்டையில சோம்பு மணக்கும்போதே நெனச்சேன்" என்றார்கள்.

ஃபோர்மேன் சட்டையைக் குனிந்து முகர்ந்து பார்த்துக்கொண்டார். கடைசியில் என்னைப் பார்த்து, குடிக்கக் குளிர்ச்சியாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். நான் சர்பத்து கலந்தேன். ஐஸ் போடவில்லை, எந்தத் தட்டிலிருந்து எடுத்தாலும் தப்பாகப் போகும் என்று பயம். வெதுவெதுப்பான சர்பத்தை இரண்டு பேரும் மறுப்பில்லாமல் குடித்தார்கள். கிளம்பும்போது அக்கா நாயைத் தூக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. இறக்கிவிட்டு என்னிடம் சொன்னார்கள்:

"ஏட்டி, இனிமே ஒரு தட்டு போதும்."

ஸ்கூட்டரில் மூன்று பேராகப் போனார்கள். யாரும் யாரையும் ரயிலேற்றி விடவில்லை.

ஆனாலும் சி.ஆர். போய்ச் சேருகிறவரை நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஜூலையில், அலுவலகத்தில் டைப் அடிக்கிறவர் மூலம் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கசிந்தது. ரகசிய அறிக்கைகள் அந்தக் கம்பெனியில் டீ இடைவேளை வரைக்கும்தான் ரகசியம். என் வீட்டுக்காரர் வேர்க்க விறுவிறுக்க வந்து, நாலு வரி என்றார். வேலையில் சுத்தம், நேரம் தவறாதவர், மேலதிகாரிகளுக்கு மரியாதை. நாலாவது வரி: எப்படிப்பட்ட ரகசியத்தையும் நம்பி ஒப்படைக்கலாம்.

அவர் சந்தோஷத்தில் எலும்பில்லாத கறியாகவே ஒரு கிலோ வாங்கிவந்திருந்தார். நான் அதை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"இப்ப என்னட்டி?"

"மேல இருக்க பெரிய ஆபீசரு அதைப் படிச்சிட்டு, ஒரு டர்னருக்கு அப்படி என்ன ரகசியம், என்ன விசயம்னு விசாரிச்சா?"

அவர் கறிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே சொன்னார்:

"விசாரிச்சா நாயைக் கொண்டுபோயி முன்னால நிறுத்திருவேன். அதுதான் எல்லாத்தையும் சொல்லிருமே."